நிறுத்தி வைத்த ஏசியில் மீட்டர் 280 காட்டினால் கேஸ் ஃபுல்லா?

ஏப்ரல் 21, மாலை 6.40 (மன்னார்குடி வாசகியின் கேள்வி)

ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏசி, ஆர் 32 கேஸ். வாங்கி மூன்று வருடம் ஆகிறது. போன கோடையில் ஒரு தடவை கேஸ் ஏற்றினோம். இந்த வருடமும் குளிரவில்லை. இன்று மெக்கானிக் வந்து ஏசியை நிறுத்திவிட்டு மீட்டர் மாட்டினார். முள் 280-ல் நின்றது. “கேஸ் ஃபுல்லா இருக்கும்மா, கம்ப்ரசர்தான் போச்சு, மாத்திடலாம்” என்கிறார். பதினைந்தாயிரம் ஆகுமாம். மாற்றிவிடலாமா?

ஏப்ரல் 21, இரவு 9.10

மாற்றாதீர்கள் அக்கா. அந்த 280 என்பது பி.எஸ்.ஐ. கணக்கில் அழுத்தம், கேஸின் அளவே இல்லை. இன்று சாயங்காலம் ஏசியைச் சுற்றி எவ்வளவு சூடு இருந்தது என்பதைத்தான் அந்த முள் காட்டியிருக்கிறது.

ஆர் 32 திரவமும் அதன் ஆவியும் ஒரே மூடிய குழாய்க்குள் சேர்ந்து இருந்தால், 30 டிகிரியில் முள் 265-ல் நிற்கும். 32 டிகிரியில் 280. 35 டிகிரியில் 303. உள்ளே ஒரு கிலோ இருந்தாலும் இதே எண்தான், அரைக் கிலோ இருந்தாலும் இதே எண்தான். திரவம் கொஞ்சமாவது மிச்சம் இருக்கும்வரை முள் அசையாது.

கம்ப்ரசர் கெட்டிருக்கலாம், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் ஓடாத ஏசியில் பார்த்த ஒரே ஒரு எண்ணை வைத்து அதை முடிவு செய்ய முடியாது. நாளைக் காலையில் 18-ல் வைத்து இருபது நிமிடம் ஓட்டுங்கள். அவுட்டோர் யூனிட்டின் பக்கவாட்டில் இரண்டு செம்புக் குழாய் வந்து சேரும். அதில் ஒல்லியான குழாயைப் பாருங்கள். வெள்ளையாகப் பனி பிடித்திருக்கிறதா என்று மட்டும் சொல்லுங்கள்.

ஏப்ரல் 21, இரவு 10.35

“டயரில் காற்று அதிகமானால் அழுத்தம் அதிகமாகிறது, குறைந்தால் குறைகிறது. ஏசிக்கு மட்டும் எப்படி வேறு கணக்கு?” என்று தஞ்சாவூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சரியான கேள்வி. டயருக்குள் இருப்பது வெறும் காற்று, திரவம் கிடையாது. அங்கே அளவுக்குத் தகுந்த அழுத்தம். ஏசியில் திரவமும் ஆவியும் சேர்ந்து இருக்கின்றன. ஆவி கொஞ்சம் வெளியே போனால், திரவத்திலிருந்து அதே அளவு கொதித்து வந்து இடத்தை நிரப்பிவிடும். முள் பழைய இடத்துக்கே வரும்.

இதை உங்கள் வீட்டுச் சமையல் கேஸ் சிலிண்டரிலேயே பார்க்கலாம். 14.2 கிலோவும் நிறைந்த சிலிண்டரில் எரிகிற சுடரும், நாலு கிலோ மிச்சமிருக்கும் சிலிண்டரில் எரிகிற சுடரும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதனால்தான் அம்மாக்கள் ஈரத்துணியால் சிலிண்டரைத் துடைத்துவிட்டு, எதுவரை மெதுவாகக் காய்கிறது என்று பார்க்கிறார்கள். திரவம் நிற்கும் உயரம்வரை ஈரம் காயாமல் நிற்கும். மீட்டரை விட அந்தத் துணி அளவை நன்றாகச் சொல்லும்.

என் அத்தை மகன் கல்யாணம் திருவையாறு பக்கம் நடந்தது. பந்திக்கு முந்தைய விடிகாலை, சமையல் கொட்டகையில் பெரிய அடுப்பில் சாம்பார் அண்டா ஏறியிருந்தது. நன்றாக எரிந்துகொண்டிருந்த அடுப்பு சுருங்கிப்போனது. சிலிண்டர் தீர்ந்துவிட்டது, வேறு எடுத்து வா என்று எல்லோரும் கத்தினார்கள். சமையல்காரர் ஒன்றும் பேசவில்லை. சிலிண்டரைச் சுற்றிக் கையை வைத்துப் பார்த்தார். கீழிருந்து ஒரு முழ உயரத்துக்கு வெள்ளைப் பனி பிடித்திருந்தது. அதற்கு மேலே வெறும் சிவப்புப் பெயின்ட். நடுவில் கோடு போட்டதுபோல எல்லை. கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, ஒரு தொட்டியில் ஊற்றி அதற்குள் சிலிண்டரை நிறுத்தினார். ஐந்து நிமிடத்தில் அடுப்பு பழையபடி சீறியது.

அந்தப் பனிக்கோட்டில் ஏசியின் பாடம் பாதி இருக்கிறது. அடுப்பு வேகமாக ஆவியை இழுக்கிறது. திரவம் வேகமாகக் கொதிக்க வேண்டியிருக்கிறது. கொதிக்க வெப்பம் வேண்டும். அது தன்னிடமிருந்தும் சிலிண்டரின் இரும்பிலிருந்தும் எடுக்கிறது. குளிர்ந்துபோகிறது. குளிர்ந்ததும் அழுத்தம் இறங்குகிறது. அளவு அப்படியேதான் இருந்தது, இறங்கியது வெப்பநிலை. வெந்நீர் வெப்பத்தைக் கொடுத்ததும் அழுத்தம் ஏறிவிட்டது. (யாரும் சிலிண்டருக்கு நெருப்புக் காட்டிவிடாதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீர், அவ்வளவுதான்.)

ஏப்ரல் 22, காலை 8.20

பனி இருக்கிறதாம். அக்கா படமே போட்டுவிட்டார். ஒல்லிக் குழாயின் நட்டைச் சுற்றி விரல் பருமனுக்கு வெள்ளை.

கேஸ் குறைந்துவிட்டது. பெரும்பாலும் அதுதான்.

ஏப்ரல் 22, காலை 11.00

“பனி பிடித்தால் நன்றாகக் குளிர்கிறது என்றுதானே அர்த்தம்?” இதை என்னிடம் நூறு வீட்டிலாவது கேட்டிருப்பார்கள்.

ஏசி ஓடும்போது இன்டோர் காயிலில் (அறைக்குள் இருக்கும் யூனிட்டில் வளைந்து வளைந்து போகும் குழாய்) ஆர் 32 சுமார் 115 முதல் 140 வரையான அழுத்தத்தில் கொதிக்கும். அதாவது 3 டிகிரியிலிருந்து 9 டிகிரிக்குள். அறைக் காற்று அதன் மேல் பட்டு வெப்பத்தைக் கொடுத்துவிட்டுப் போகும். காயில் வியர்க்கும், உறையாது. கேஸ் குறைந்தால் கம்ப்ரசர் இழுக்கிற இழுப்புக்கு ஈடுகொடுக்கப் போதுமான திரவம் வருவதில்லை, அழுத்தம் இறங்குகிறது. 103-க்குக் கீழே போனால் கொதிநிலை பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். வியர்வை பனியாகிறது. ஆனால் வருகிற கொஞ்சம் திரவம் குழாயின் முதல் முழத்திலேயே கொதித்துத் தீர்ந்துவிடும். காயிலின் மிச்சப் பகுதி முழுவதும் வெறும் ஆவி, அங்கே குளிர்ச்சி இல்லை. ஒரு மூலையில் ஐஸ், அறையில் புழுக்கம்.

பழைய ஆர் 22 வைத்திருப்பவர்களுக்கு அந்த எல்லை 57. அதில் 70 காட்டினால் 5 டிகிரியில் கொதிக்கிறது என்று பொருள்.

ஃபில்டரில் தூசி அடைத்து, காயில்மேல் காற்றே போகாவிட்டாலும் இதேபோல் பனி பிடிக்கும். அதனால் முதலில் ஃபில்டரைக் கழுவுங்கள். கழுவியும் பனி நிற்காவிட்டால் லீக் தேடவேண்டும்.

ஏப்ரல் 22, இரவு 9.45

திருத்தம். சிலிண்டரில் அளவு எப்படி இருந்தாலும் அழுத்தம் மாறாது என்று நேற்று எழுதினேன். பட்டுக்கோட்டையிலிருந்து ஒரு ஆசிரியர் பிடித்துவிட்டார். அவர் சொல்வது சரி. சமையல் கேஸ் ஒரே பொருள் இல்லை, புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. புரொப்பேன் சுலபமாகக் கொதிப்பது, அதுதான் முந்திக்கொண்டு வெளியேறும். கடைசியில் பியூட்டேன் அதிகமாக மிஞ்சும். அதனால் ஒரே வெப்பநிலையில் இருந்தாலும், சிலிண்டர் தீரத் தீர அழுத்தம் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். நான் எழுதியது ஒற்றைப் பொருளுக்கு அப்படியே பொருந்தும். ஆர் 32 ஒற்றைப் பொருள். ஆர் 22, ஆர் 134ஏ இரண்டும் அப்படியே.

இதை விடாமல் சொல்லக் காரணம் உண்டு. ஆர் 410ஏ-யும் ஒரு கலவைதான், ஆர் 32-ம் ஆர் 125-ம் சரிபாதி எடை. அதன் இரண்டு பொருளும் ஏறக்குறைய ஒன்றாகவே கொதிப்பதால் பிரச்சினை குறைவு. ஆனாலும் அதை ஏற்றும்போது சிலிண்டரிலிருந்து திரவமாக எடுத்து ஏற்றவேண்டும் என்பது விதி. ஆர் 407சி மாதிரிக் கலவைகளில் ஆவியாக எடுத்தால் கலவையின் விகிதமே மாறிவிடும். தொழிலில் இருக்கும் தம்பிகள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 24, மதியம் 2.15

32 டிகிரிக்கு ஒரு மொபைல் ஆப்பில் 294 என்று வருகிறது, நீங்கள் 280 என்கிறீர்களே என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் ஒன்றுதான். நம்மைச் சுற்றி இருக்கும் காற்று எந்நேரமும் 14.7 பி.எஸ்.ஐ. அழுத்திக்கொண்டே இருக்கிறது. மீட்டர் அதைப் பூஜ்யமாக வைத்துக்கொண்டு அதற்கு மேல் எண்ணுகிறது. ஆப் வெற்றிடத்தைப் பூஜ்யமாக வைத்து எண்ணுகிறது. 280-உடன் 14.7-ஐக் கூட்டிப் பாருங்கள். நான் இங்கே எழுதுவதெல்லாம் மீட்டர் கணக்கு.

ஏப்ரல் 27, இரவு 8.00

கரண்ட் இல்லை. உட்கார்ந்து நிதானமாக எழுதுகிறேன்.

நான் தொழில் கற்றது நாகப்பட்டினத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில். அக்கரைப்பேட்டைத் துறைமுகத்துப் படகுகளுக்கு அங்கிருந்து ஐஸ் பார் போகும். மரப்பலகை மூடிய நீளமான தொட்டி, அதில் உப்புக் கரைசல், அதற்குள் வரிசை வரிசையாகத் தகர டின்களில் நல்ல தண்ணீர். உப்புக் கரைசல் பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரி வாக்கில் உறையாமல் சுற்றும், டின்னில் இருக்கும் நல்ல தண்ணீர் உறையும். கரைசலைக் குளிரவைப்பது அம்மோனியா. எங்காவது கசிகிறதா என்று பார்க்கக் கந்தகக் குச்சியைக் கொளுத்திக் குழாய் இணைப்புகளில் காட்டுவோம். அம்மோனியா இருந்தால் அந்த இடத்தில் புகை பாலாக வெளுக்கும்.

அங்கே கம்ப்ரசருக்குப் பக்கத்தில் ஒரு பெரிய மீட்டர். ஆபரேட்டர் அண்ணன் முதல் நாள் என்னை அதன் முன்னால் நிறுத்தி, “எத்தனை முள்ளு?” என்றார். ஒன்று என்றேன். “எத்தனை வட்டம்?” அப்போதுதான் பார்த்தேன், இரண்டு. வெளிவட்டத்தில் கறுப்பு எண்கள், அழுத்தம். உள்வட்டத்தில் சிவப்பு எண்கள், டிகிரி. “முள்ளு ஒண்ணுதான்டா. ரெண்டும் ஒரே சங்கதி, ரெண்டு பேரு” என்றார். 20-க்குப் பக்கத்தில் முள் நின்றால் சிவப்பு வட்டத்தில் மைனஸ் 15. உள்ளே அம்மோனியா அந்த வெப்பநிலையில் கொதிக்கிறது. எனக்கு இந்தத் தொழிலில் தெரிந்ததெல்லாம் அந்த ஒரு வரியிலிருந்து கிளைத்ததுதான்.

அக்கா, உங்கள் மெக்கானிக்கின் மீட்டரிலும் உள்வட்டங்கள் இருந்திருக்கும். ஆர் 32 என்று எழுதிய வட்டத்தை அன்று பார்த்திருந்தால் 280-க்கு நேராக 32 டிகிரி என்று அதுவே சொல்லியிருக்கும்.

இன்னொன்றும் அங்கேதான் கற்றேன். ஒரு கிலோ ஐஸ் உருக 80 கிலோ கலோரி வெப்பம் வேண்டும். உருகி முடிக்கும்வரை அது பூஜ்யத்திலேயே நிற்கும், ஒரு டிகிரி ஏறாது. அதே வெப்பத்தைப் பூஜ்யத்தில் இருக்கும் ஒரு கிலோ தண்ணீருக்குக் கொடுத்தால் 80 டிகிரிக்குப் போய்விடும், கை வெந்துபோகும். படகில் மீனோடு ஐஸைப் போடுகிறார்களே, வெறும் குளிர்ந்த தண்ணீரை ஏன் ஊற்றவில்லை என்றால் இதுதான் காரணம். நிலை மாறும்போது விழுங்கும் வெப்பம் அவ்வளவு பெரிது. தண்ணீர் ஆவியாவதற்கோ 540 கிலோ கலோரி. நெல் அவிக்கும் மில்லில் கொதிநீர் பட்டவனைவிட நீராவி பட்டவனுக்குக் காயம் மோசம், பார்த்திருப்பீர்கள். ஆவி தோலின்மேல் பட்டுத் தண்ணீராக மாறும்போது அந்த 540-ஐயும் இறக்கிவைத்துவிட்டுத்தான் மாறுகிறது.

ஏசிக்குள் நடப்பது இவ்வளவுதான். அறைக்குள் திரவம் ஆவியாகிறது, வெப்பத்தை விழுங்குகிறது. வெளியே ஆவி திரவமாகிறது, விழுங்கியதை இறக்கிவைக்கிறது. அதே பொருள்தான் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. பெட்ரோல்போலச் செலவாவது கிடையாது. எனவே “வருஷா வருஷம் கேஸ் போடணும்” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கேஸ் குறைந்தால் ஓட்டை இருக்கிறது.

ஏப்ரல் 28, காலை 7.00

“டன்” என்றால் ஏசியின் எடையா என்று நேற்று ஒருவர் கேட்டது விடுபட்டுவிட்டது. ஐஸின் எடை. 2,000 பவுண்டு, அதாவது 907 கிலோ ஐஸை ஒரு நாளில் உருக்க எவ்வளவு வெப்பம் வேண்டுமோ, அவ்வளவு வெப்பத்தை எடுக்கும் மெஷின் ஒரு டன். இன்றைய கணக்கில் 3.5 கிலோவாட். மெஷின் வருவதற்கு முன்னால் குளிர்ச்சியை ஐஸால்தான் அளந்தார்கள். சென்னைக் கடற்கரையில் விவேகானந்தர் இல்லம் இருக்கிறதே, 1842-ல் அது கட்டப்பட்டதே அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸைச் சேமித்து வைக்கத்தான்.

மன்னார்குடி அக்காவின் ஒன்றரை டன் ஏசி ஒழுங்காக ஓடினால், மணிக்கு 57 கிலோ ஐஸை அறைக்குள் உருகவிட்டதற்குச் சமம்.

மே 1, மாலை 5.30

ஒரு தம்பி கேட்கிறார்: “கொதிக்கவைத்துக் குளிரவைக்கிறது, சரி. அப்புறம் கம்ப்ரசர் எதற்கு?”

தண்ணீரை வைத்தே சொல்கிறேன். நம் பக்கத்தில் வாய்க்கால் மட்டத்துக்குக் கீழே இருக்கும் வயலுக்குத் தண்ணீர் தானாகப் பாயும், மடையைத் திறந்தால் போதும். மேட்டு வயலுக்கு என்ஜின் வைத்து இறைக்கவேண்டும். வெப்பமும் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குத்தான் தானாகப் பாயும். அறை 25 டிகிரி, வெளியே 38. அறை பள்ளம், தெரு மேடு. பள்ளத்து வெப்பம் மேட்டுக்கு ஏறாது.

அதனால் இரண்டு வேலை செய்கிறார்கள். அறைக்குள் ஆர் 32-இன் அழுத்தத்தை 125-க்கு இறக்கி 5 டிகிரியில் கொதிக்கவிடுகிறார்கள். 25 டிகிரி அறைக்கு 5 டிகிரிக் காயில் பள்ளம், வெப்பம் தானாக இறங்கிவிடும். பிறகு அந்த ஆவியைக் கம்ப்ரசர் அமுக்கி 440-க்கு ஏற்றுகிறது. அந்த அழுத்தத்தில் அது 50 டிகிரியில் திரவமாகும். 38 டிகிரித் தெருவுக்கு இப்போது 50 டிகிரிக் காயில் மேடு. வெப்பம் மறுபடி தானாக இறங்கிவிடும். கம்ப்ரசர் குளிரை உண்டாக்கவில்லை, வெப்பத்தைப் பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏற்றும் என்ஜின் அது. ஒன்றரை யூனிட் கரண்ட்டில் ஐந்தேகால் யூனிட் வெப்பத்தை வெளியேற்ற முடிவதும் இதனால்தான். ஒன்றரையும் ஐந்தேகாலும் சேர்ந்து ஆறே முக்கால் யூனிட் வெப்பம் தெருவுக்குப் போகிறது. அவுட்டோர் யூனிட்டுக்கு எதிரே நின்றால் முகத்தில் அடிப்பது அதுதான்.

மேடு உயர உயர டீசல் அதிகம் ஆகும், இங்கும் அதே கணக்கு. போன மாசி மாதம் நீடாமங்கலம் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனேன். பக்கத்தில் நெல் தூற்றும் களம். அவுட்டோர் யூனிட்டின் தகடுகளுக்கிடையே பதரும் தூசியும் கம்பளி விரித்ததுபோல் அப்பிக்கிடந்தது. அழுத்தம் 500-ஐ நெருங்கியிருந்தது, அதாவது 55 டிகிரி. மெஷின் ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது. அந்த வீட்டுக்காரரும் கேஸ் ஏற்றச் சொல்லித்தான் என்னை அழைத்திருந்தார். கேஸைத் தொடவே இல்லை. உள்ளிருந்து வெளியே தண்ணீர் அடித்துக் கழுவினேன், அவ்வளவுதான் வேலை.

ஏசியை 18-ல் வைக்காமல் 24, 25-ல் வைக்கச் சொல்வதும் இந்த மேடு பள்ளக் கணக்கில் வருவதே. 2020 ஜனவரி முதல் நம் நாட்டில் புது ஏசிகள் போட்டவுடன் 24-ல் தொடங்கவேண்டும் என்று விதியே இருக்கிறது.

மே 6, இரவு 11.10

அக்னி நட்சத்திரம். வேதாரண்யத்திலிருந்து ஒரு கேள்வி: திருச்சியில் இருக்கும் தம்பி வீட்டில் அதே ஏசி, அதே அளவு அறை, சீக்கிரம் குளிர்கிறது, இங்கே ஏன் இழுக்கிறது?

உங்கள் ஊர்க் கடற்காற்றில் இருக்கும் ஈரம்தான் காரணம். டிரெயின் குழாயில் வரும் தண்ணீரை ஒரு மணிநேரம் வாளியில் பிடித்துப் பாருங்கள். காற்றில் ஆவியாக இருந்த ஒரு லிட்டர் தண்ணீரைத் திரவமாக்க ஏசி ஏறத்தாழ 0.68 யூனிட் வெப்பத்தை எடுக்கவேண்டும். மணிக்கு இரண்டு லிட்டர் வந்தால் 1.36. ஒன்றரை டன் ஏசியின் மொத்தச் சக்தி 5.27. கால்வாசி தண்ணீருக்கே போய்விட்டது, அறையின் டிகிரி அதில் இறங்கவே இல்லை. ஆனால் அது வீண் வேலை கிடையாது. ஈரம் போனால்தான் உடம்பு வியர்வை காயும். மண்பானைத் தண்ணீர் வறண்ட காற்றில் ஜில்லென்று இருந்து, புழுக்கமான நாளில் சுமாராகப் போவதும் இதே காரணத்தால். கதவு இடுக்கை அடையுங்கள், பாதி வித்தியாசம் தெரியும்.

உப்புக்காற்றில் அவுட்டோர் யூனிட்டின் அலுமினியத் தகடுகள் பொடிந்துபோகும். மாதம் ஒரு தடவை நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள்.

மே 7, காலை 6.50

நேற்று “பாதி வித்தியாசம்” என்றது அதிகம். தெரியும், ஆனால் பாதி என்று அளந்து சொன்னதில்லை.

மே 10, மதியம் 1.00

“லீக் என்றால் கேஸ் வெளியே போகும், சோப்பு நுரை வைத்தால் குமிழி வரும், சரிதானே? என் ஃபிரிஜ்ஜில் வரவில்லை.” திருவாரூர்த் தம்பி, உங்கள் ஃபிரிஜ்ஜில் ஆர் 600ஏ என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். அது ஐசோபியூட்டேன். சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 12-க்குப் பக்கத்தில் கொதிக்கும். ஃப்ரீசரில் மைனஸ் 20-க்குக் கீழே கொதிக்கவேண்டும் என்றால் அழுத்தம் காற்றழுத்தத்துக்கும் கீழே இருக்கவேண்டும். அதாவது மெஷின் ஓடும்போது அந்தப் பக்கம் வெற்றிடம்போல இருக்கும். அங்கே ஓட்டை விழுந்தால் கேஸ் வெளியே வராது, வெளிக்காற்று உள்ளே போகும். மெஷினை நிறுத்தி, அழுத்தம் ஏறியபிறகு நுரை வையுங்கள். அது எரியும் வாயு, பக்கத்தில் நெருப்பு வேண்டாம், வெல்டிங் வேலையைத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள்.

மே 12, இரவு 9.20

வேக்கம் போடுவது பற்றி. அதாவது கேஸ் ஏற்றும்முன் குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து உறிஞ்சி எடுப்பது. பலர் இதைத் தவிர்க்கிறார்கள். சிலிண்டரைத் திறந்து கேஸாலேயே குழாய்க்காற்றைத் தள்ளிவிட்டு, அப்படியே மூடிவிடுகிறார்கள். பத்து நிமிட வேலை. நம் ஊர் ஈரக்காற்றில் இதைவிடக் கெடுதல் கிடையாது. குழாய்க்குள் தங்கிய ஈரத்தை எந்தத் துணியாலும் துடைக்க முடியாது. கொதிக்கவைத்துத்தான் வெளியே எடுக்கவேண்டும். அறைச் சூட்டிலேயே கொதிக்கவைக்கத்தான் வேக்கம் பம்ப். காற்றழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசம், அங்கே தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். 32 மில்லிமீட்டருக்கு இறக்கினால் 30 டிகிரியிலேயே கொதிக்கும். நாங்கள் அரை மில்லிமீட்டர்வரை இறக்குவோம். குக்கரில் நேர்மாறு. வெயிட் போட்டு அழுத்தத்தை இரட்டிப்பாக்கினால் தண்ணீர் 120 டிகிரிவரை கொதிக்காமல் நிற்கும், பருப்பு சீக்கிரம் வேகும்.

வீட்டில் பார்க்கலாம். ஊசியில்லாத சிரிஞ்சில் கால்வாசி வெந்நீர் எடுங்கள். காற்றுக்குமிழியை வெளியேற்றுங்கள். முனையை விரலால் அடைத்துக்கொண்டு பிடியை இழுங்கள். அடுப்பே இல்லாமல் கொதிக்கும்.

மே 13, காலை 7.30

பட்டுக்கோட்டை ஆசிரியர் மறுபடி வந்திருக்கிறார். வருகிற குமிழியில் ஒரு பங்கு தண்ணீரில் கரைந்திருந்த காற்று, அதைக் கொதிப்பு என்று சொல்லக்கூடாது என்கிறார். ஒப்புக்கொள்கிறேன். தண்ணீரைப் பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்கவைத்து, 60 டிகிரி வாக்கில் ஆறியபின் செய்யுங்கள். அதில் காற்று அநேகமாகப் போயிருக்கும். இப்போதுதான் நானும் செய்து பார்த்தேன். பிடியை இழுத்ததும் குமிழிகள் அடியிலிருந்து கிளம்பின, விட்டதும் ஒரு நொடியில் காணாமல் போயின. காற்றாக இருந்தால் அவ்வளவு சீக்கிரம் கரைந்திருக்காது. என் பேத்தி இருபது தடவை செய்துவிட்டாள்.

மே 17, இரவு 8.40

நீடாமங்கலத்தில் வேலை இருந்தது. அப்படியே மன்னார்குடிக்குப் போய்விட்டேன். அக்கா வீட்டு அவுட்டோர் யூனிட் மாடிச் சுவரில், கீழே திறந்த சாக்கடை. காயிலின் செம்பு சில இடங்களில் கறுத்திருந்தது. சாக்கடை வாயு செம்பை அரிக்கும், அதனால் முதலில் காயில்மேல்தான் சந்தேகம் வந்தது. ஆனால் ஒல்லிக் குழாய் நட்டில் விரலை வைத்ததும் பிசுபிசுப்பு. முகர்ந்தால் எண்ணெய் வாடை. கேஸோடு கம்ப்ரசர் எண்ணெயும் கொஞ்சம் சுற்றும், ஓட்டை இருந்தால் இரண்டும் சேர்ந்துதான் கசியும். கேஸ் பறந்துவிடும், எண்ணெய் அங்கேயே சாட்சியாக நிற்கும். நுரை வைத்தேன். எட்டுப் பத்து நொடிக்கு ஒரு குமிழி, கடுகளவு, மெதுவாக ஊதிப் பெருத்தது. நட்டைக் கழற்றினால் செம்புக்குழாயின் விரிந்த வாயில் முடியளவு விரிசல். பொருத்திய நாளில் அளவுக்கு மேல் முறுக்கியிருக்கிறார்கள்.

கழற்றுவதற்கு முன்னால் ஒன்று செய்தேன். மாலை ஆறரை, மெஷின் ஓடவில்லை, நிழலில் தெர்மாமீட்டர் 32. மீட்டர் மாட்டினேன். அக்காவையும் பார்க்கச் சொன்னேன். 280.

பிறகு உள்ளே இருந்த கேஸை ரிகவரி மெஷினால் காலி சிலிண்டருக்கு இழுத்து, தராசில் வைத்தேன். 310 கிராம். அவுட்டோர் யூனிட்டின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தகட்டில் 850 கிராம் என்று இருக்கிறது.

வாயைப் புதிதாக விரித்து, நைட்ரஜன் ஏற்றிச் சோதித்தேன். வேக்கம் போட்டு முடிக்க ஒன்பது மணி தாண்டும்போல் இருக்கிறது. பம்ப் ஓடும் சத்தத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

மே 17, இரவு 10.50

850 கிராம், தராசில் வைத்து ஏற்றியாயிற்று. ஓடும்போது 128. பனி இல்லை, குழாய் வியர்க்கிறது, அவ்வளவுதான். இன்டோர் வாயில் வரும் காற்று 13 டிகிரி. கம்ப்ரசருக்கு ஒரு குறையும் இல்லை.

மே 18, இரவு 7.15

ராத்திரி அங்கேயே தங்கச் சொல்லிவிட்டார்கள். இன்று சாயங்காலம் கிளம்பும்முன் ஏசியை இரண்டு மணிநேரம் நிறுத்தி வைத்து, ஆறரைக்கு மறுபடி மீட்டர் மாட்டினேன். நிழலில் அதே 32 டிகிரி. நேற்று உள்ளே 310 கிராம், இன்று 850.

முள் 280-ல் நின்றது. அக்கா அதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டார், அந்த மெக்கானிக் தம்பியிடம் காட்டவேண்டுமாம்.